தலையாட்டிப் படித்த கொரிய மொழி

கண்டியில் தமிழ் ஆட்களுக்குச் சிங்களம் பேசப் பழக்கும் வகுப்பு நடத்துகிறேன் என்று நான் யாரிடமாவது சொல்லும்போது எங்கள் வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் மானம் போய்விடும். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் நழுவிவிடுவாள். அப்பாவுக்கு எங்கிருந்தோ ஓர் இருமல் வந்துவிடும். (அது இருமல் இல்லை என்பது வந்தவருக்கும் கொஞ்ச நேரத்தில் விளங்கிவிடும்.)

என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, கண்டிக் குளிரில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார்கள். முதல் நாளே கேள்வி வரும்: "சேர், கெதியாப் பழக என்ன வழி? நல்ல புத்தகம் ஏதும் இருக்கே?"

புத்தகம் இருக்கிறது. சிங்கள நாடகம் பாருங்கள், பஸ்ஸில் கொண்டக்டரோடு மீதிச் சில்லறைக்குச் சண்டை பிடியுங்கள், பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டி வாசியுங்கள் என்றெல்லாம் நானும் சொல்வேன். எல்லாம் நல்ல வழிகள்தான். ஆனால் நெஞ்சில் கைவைத்து நான் சொல்லும் அறிவுரை ஒன்றே ஒன்று. விளங்காத இடத்தில் தலையை ஆட்டாதீர்கள்.

"ஓம் சேர், ஓம் சேர்" என்று எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். (என்ன செய்வது!)

இந்த அறிவுரையை நான் புத்தகம் எதிலும் படிக்கவில்லை. ஒரு லொறி மரவள்ளிக்கிழங்கு எனக்கு அதைப் படிப்பித்தது.

நான் படித்ததெல்லாம் மடுல்கெல்லையில், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். அப்பா கண்டி நகரத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். என் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் (முடிவைப் பற்றிக் கேட்காதீர்கள்) அம்மாவையும் என்னையும் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிவந்துவிட்டார். மெயின் ரோட்டை ஒட்டி, முன்னால் பெரிய முற்றம் உள்ள வாடகை வீடு. நகரத்துப் பிள்ளைகள் நாலு வயதிலேயே மூன்று மொழியில் சண்டை பிடிப்பதை நான் வாய் பிளந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம், பஸ்ஸில் ஏறவும் இறங்கவும், கடையில் பாண் வாங்கவும் போதும். பாண் பழையது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போதாது.

அந்த வருஷங்களில் கண்டிச் சுவர் பூராவும் கொரிய மொழி வகுப்பு நோட்டீஸ்தான். பரீட்சையில் பாஸ் பண்ணினால் கொரியாவில் தொழிற்சாலை வேலை. போனவன் திரும்பி வந்து வேன் எடுத்தான், மாடி கட்டினான் என்று பேச்சு. அப்பா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ கொரியாவுக்குப் போற" என்றார். அடுத்த நாளே வேலைத்தலத்தில் எல்லோரிடமும் சொல்லியும் விட்டார். மீட்டர் பார்க்கப் போகிற வீடுகளிலும் சொல்லியிருப்பார் போல, நான் ரோட்டில் போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட "எப்பப் பயணம்?" என்று கேட்டார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வகுப்பு. படிப்பித்தவர் விஜேசிறி சேர். கொரியாவில் பல வருஷம் இரும்புப் பட்டறையில் நின்றுவிட்டு வந்தவர். பெரிய தொண்டை, நல்ல மனிதர். முதல் நாள் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கொரிய மொழியைச் சிங்களத்தில் படிப்பிக்கிறார்கள்! வேறு எதில் படிப்பிப்பார்கள்? வகுப்பு பூராவும் சிங்களப் பிள்ளைகள். ஆனாலும் அந்த நிமிடம் வரை இந்த மண்டைக்கு அது ஏறவில்லை. ஆற்றைக் கடக்கலாம் என்று வந்தவனுக்கு முதலில் இன்னோர் ஆற்றைக் காட்டிய மாதிரி இருந்தது.

காப்பாற்றியவன் ரிஸ்வான். அக்குறணைப் பையன். வீட்டில் தமிழ், வாப்பாவின் கடையில் சிங்களம். வகுப்பில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் ஒட்டிக்கொண்டோம். சேர் சிங்களத்தில் சொல்வார், ரிஸ்வான் என் காதுக்குள் தமிழில் சொல்வான், நான் கொரியத்தை எழுதுவேன். கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரித்தான் நான் கொரியம் படித்தேன்.

சேர் என் பக்கம் திரும்பி நேராக ஏதாவது கேட்டால்? அதற்கு என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. "ஹரி சேர்."

ஹரி என்றால் சரி. இந்தச் சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் ஆட்கள் பலருக்கு இது ஒரு குடை. தபால் கந்தோரிலோ ஆஸ்பத்திரியிலோ கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சிங்களத்தில் கடகடவென்று ஏதோ சொல்வார். விளங்காது. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயம். சில காலங்களில் அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதனால் தலையைச் சாய்த்து, ஒரு சிரிப்பும் சிரித்து, "ஹரி, ஹரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, எதற்குச் சரி சொன்னோம் என்று தெரிந்தவர்களிடம் விசாரிப்போம். பெரியவர்கள் செய்வதைப் பார்த்து நானும் பழகியிருந்தேன். எனக்குச் சிங்களம் விளங்காது என்று தெரிந்தால் சேர் என்னை வகுப்பிலிருந்து அனுப்பிவிடுவார், கொரியா போச்சு, அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் எந்நேரமும் என் கவலை.

புத்தர் பிறந்த வெசாக் பண்டிகைக்கு முன்னால் ரிஸ்வானின் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணம் வந்தது. ஆள் வகுப்புக்கு வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து கொரிய எழுத்துகளை அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். (எழுத்து அழகாக இருந்தால் அறிவு குறைவு தெரியாது என்பது என் கொள்கை.) வகுப்பில் ஏதோ பெரிய ஆலோசனை நடந்தது. ஆளுக்கு ஆள் கை தூக்கினார்கள். திடீரென்று எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். கட்டுகஸ்தோட்டை என்பது காதில் விழுந்தது. வீடு என்றார். அம்மா என்றார். வெசாக் என்றார்.

ஆகா, என்ன நல்ல மனிதர், வெசாக் விடுமுறைக்கு வீட்டில் இருப்பாயா, அம்மா சுகமா என்று விசாரிக்கிறாரே என்று என் மனம் குளிர்ந்துவிட்டது.

"ஹரி சேர்."

இன்னும் ஏதோ கேட்டார். "ஹரி சேர்." பின்னால் இருந்து ஒரு பிள்ளை ஏதோ கேட்டாள். அவளுக்கும் ஹரி. கடைசியில் சேர் கொஞ்சம் யோசனையோடு ஒரு கேள்வி கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த இன்னொரு பெரிய சொற்றொடரையும் எடுத்துவிட்டேன். "பிரஸ்னயக் நே, சேர்." ஒரு பிரச்சினையும் இல்லை!

வகுப்பே கை தட்டியது. என் சிங்களத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, எழும்பிக் கும்பிடாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

வெசாக் அன்று காலை. அப்பாவுக்கு லீவு இல்லை. சனம் கூடுகிற நாளில் தண்ணீர்க் குழாய் எங்காவது வெடித்தால் பார்க்க வேண்டும் என்று வெள்ளனவே போய்விட்டார். அம்மா கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஒரு லொறி வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. நின்றதோடு ஒரே சத்தம். பொடியன்கள் குதிக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள், கேட்டைத் தட்டுகிறார்கள்.

அம்மா எழும்பி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். என்னைச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்த ஒரு கலவர நாளில் தோட்டத்து லயன் வீட்டு வாசலுக்கும் இப்படி ஒரு லொறி வந்திருக்கிறது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அவளுடைய கையைப் பார்த்தேன். வெங்காயக் கத்தி இன்னும் அதில் இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

நான் திரைச்சீலையை நீக்கிப் பார்த்தேன். லொறிக்கு மேல் மூட்டைகள். மூட்டை மேல் சமிந்த உட்கார்ந்திருக்கிறான். என் வகுப்புப் பையன், தெல்தெனியாக்காரன்.

"அம்மா, அது எங்க வகுப்புப் பொடியன்கம்மா."

"எதுக்கு வந்திருக்காங்க?"

"தெரியலம்மா."

"கேளேன்டா."

நான் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றேன்.

"என்னாடா மரம் மாதிரி நிக்கிற? ஜன்னலத் தொறந்து என்னா வேணும்னு கேளு."

"எனக்குக் கேக்கத் தெரியாதும்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாதக்கணக்காகச் சிங்களத்தில் கொரியம் படித்த மகன். ஊர் பூராவும் பயணம் விசாரிக்கிற மகன். அவனுக்கு "என்ன வேணும்" என்று கேட்கத் தெரியாது! அந்தப் பார்வைக்கு ஆஸ்பத்திரிக் கவுண்டர் எவ்வளவோ தேவலை.

அதற்குள் லொறியிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை இறங்கினாள். கையில் தேங்காய் துருவி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவள் கையிலும் துருவி. அம்மா ஜன்னல் வழியாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"தேங்கா துருவியத் தூக்கிக்கிட்டு யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. தொறடா கதவ."

திறந்தேன். "ஆ, கட்டுகஸ்தோட்டை!" என்று என்னை ஊர்ப் பெயரால் கூப்பிட்டு விஜேசிறி சேர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக மரவள்ளிக்கிழங்கு, விறகு, கோயில் அண்டா மாதிரி மூன்று பெரிய பாத்திரங்கள், தென்னோலை, தடி, ஒரு பெரிய துணிப் பதாகை. பதாகையை விரித்தார்கள். சிங்கள எழுத்தை நான் கூட்டி வாசித்தேன். தன்சல்.

வெசாக்குக்கு ரோட்டோரத்தில் பந்தல் போட்டுப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா சாப்பாடு கொடுப்பார்களே, அந்தத் தன்சல். எங்கள் கொரிய வகுப்பின் மரவள்ளித் தன்சல். எங்கள் வீட்டு முற்றத்தில். நான் ஹரி சொல்லி, அம்மாவும் சம்மதம் என்று ஹரி சொல்லி, ஒரு பிரச்சினையும் இல்லை என்று உத்தரவாதமும் கொடுத்து, சுகாதாரப் பரிசோதகருக்கும் பொலிசுக்கும் எங்கள் விலாசத்தை எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது! (இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது, முற்றத்தில் குழி தோண்டுகிறார்கள் என்பது மட்டும்தான்.)

"என்னாடா நடக்குது?" என்றாள் அம்மா.

"தன்சல்மா. நான் சரின்னு சொல்லிட்டேன் போல."

"சொல்லிட்டியா, சொல்லிட்ட போலயா?"

"போல."

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தாள். ஒரு பையன் கிழங்கைத் தோலோடு வெட்டிக்கொண்டிருந்தான். மரவள்ளியை அப்படி வெட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டு மடுல்கெல்லைக்காரி சும்மா இருப்பாளா! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அம்மாவுக்கு என்னைவிடச் சிங்களம் குறைவு. ஆனால் அவளுக்கு அந்தக் கவலை இல்லை. பையனின் கையிலிருந்து கிழங்கைப் பிடுங்கினாள். "மல்லி, எஹெம எப்பா!" தம்பி, அப்படி வேண்டாம். நீளமாக ஒரு கீறல் கீறி, தோலைச் சட்டை கழற்றுகிற மாதிரி உரித்துக் காட்டினாள். அவ்வளவுதான், ஆட்சி மாறிவிட்டது. எல்லோரும் மல்லிதான். விஜேசிறி சேர் அவளைவிட மூத்தவர். அவரையும் மல்லி என்றாள். அவர் சந்தோஷத்தில் கூடுதலாக நாலு கிழங்கு உரித்தார்.

சொல் தெரியாவிட்டால் சாமானைத் தூக்கிப் பிடிப்பாள். "மே மொகக்த?" இது என்ன? அவர்கள் சொல்வார்கள். இவள் திருப்பிச் சொல்வாள், பிழையாக. அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி சொல்வாள். பகலுக்குள் கத்தி, விறகு, உப்பு, அடுப்பு, ஆளை ஏசுவதற்கு ஒரு நல்ல சொல் எல்லாம் கைவசம். நான் ஒரு மூலையில் தேங்காய் உடைத்துக்கொண்டு பொறாமையில் வெந்தேன். நானும் அத்தனை மாதம் அதே ஆட்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளாவது ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருப்பேனா? எங்கே! மரியாதையாக வாயை மூடிக்கொண்டல்லவா இருந்தேன்.

நானும் ஏதாவது உபயோகமாகச் செய்ய வேண்டும் என்று ரோஷம் வந்துவிட்டது. எனக்கு ஒழுங்காக வருகிற வேலை பிளேன்டீ ஊற்றுவது. குசினிக்குள் போய்ப் பெரிய கேத்தல் வைத்து, வந்தவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இஞ்சியையும் நன்றாகத் தட்டிப் போட்டு, மணக்க மணக்க ஊற்றிக்கொண்டு தட்டோடு வந்தேன்.

அப்போதுதான் முதல் பாத்திரம் வெந்து இறங்கி, எல்லோரும் ருசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருவியோடு வந்த பிள்ளையிடம் நீட்டினேன். மணம் பிடித்தாள். கண் விரிந்தது. "எப்பா, எப்பா!" என்று கையை ஆட்டினாள்.

எங்கள் ஆட்களுக்கு இது புதுசா? முதல் தடவை தேத்தண்ணி நீட்டினால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். வற்புறுத்திக் கொடுப்பதுதானே பண்பு! "ஹரி, ஹரி" என்று சொல்லி அவள் கையில் திணித்தேன். பக்கத்திலிருந்தவனும் எப்பா என்றான். எவ்வளவு கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் என்று நினைத்து அவனுக்கும் திணித்தேன். சமிந்த லொறிக்குப் பின்னாலிருந்து தாகத்தோடு வந்து, ஒரு கோப்பையை எடுத்து மடக்கென்று குடித்தான். விஜேசிறி சேர் ஓடி வந்தார். கிழங்கைக் காட்டினார், கோப்பையைக் காட்டினார், தன் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். நீளமாக விளக்கினார்.

"ஹரி சேர்" என்றேன். அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன்.

அடுப்படியில் நின்ற அம்மாவின் மூக்குக்கு மணம் போயிருக்க வேண்டும்.

"டேய்! இஞ்சியா போட்ட?"

"ஆமாம்மா."

"மரவள்ளி தின்ன வாயில இஞ்சியா! பாவிப் பயலே, ஊரையே கொல்லப் பாக்குறியா?"

மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது இந்த நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எத்தனையோ தடவை கேட்டு வளர்ந்தவன்தான். அன்றைய பதற்றத்தில் மண்டையிலிருந்து கழன்றுவிட்டது. சமிந்த லொறிச் சக்கரத்தில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாவுக்காகக் காத்திருந்தான். பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று விசிறினார்கள். (அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பி இன்னும் கிழங்கு கேட்டான். இஞ்சியில் உண்மையில் எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கிற எண்ணமும் இல்லை.)

விஜேசிறி சேர் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்து ஒரு சின்னக் கேள்வி கேட்டார். அதன் பொருள் எனக்கு விளங்கியது. நான் இப்போது சொன்னது உனக்கு விளங்கியதா?

ஹரி என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் கொரியா இருக்கும், சொல்லாவிட்டால் போய்விடும். அம்மா கரண்டியோடு நின்றாள். இரண்டே இரண்டு எழுத்துதான். அன்றைக்கு அது ஏனோ வாய்க்கு வரவில்லை.

"மட்ட தேருணே நே, சேர்" என்றேன். எனக்கு விளங்கவில்லை.

அந்த வசனம் எனக்குத் தெரியாத ஒன்றில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு கிழவி சொல்லக் கேட்டு எப்போதோ பாடமாகியிருந்தது. ஒரு தடவையும் சொன்னதில்லை.

அன்றைக்கு வகுப்பில் தன்சலைப் பற்றிக் கேட்டேனே, அது? என்றார் சேர்.

"தேருணே நே."

அப்படியானால் இவ்வளவு நாள் படிப்பித்தது?

"தேருணே நே, சேர்." அந்தக் கடைசி சேருக்கு என் குரல் உடைந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. முற்றத்தில் கிழங்குத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சேர் என் தோளைப் பிடித்து விறகுக்கட்டையில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். பேசினார். இந்த முறை எனக்கு விளங்கியது! ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நிறுத்தி, கையால் காட்டி, மெதுவாகப் பேசினார். இதுவரை ஏன் அப்படிப் பேசவில்லை? எனக்கு விளங்காது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் எல்லாம் விளங்கின ஆள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனே. இந்த ஒரு விஷயத்தை என் மாணவர்களுக்கு விளக்க நான் இன்னும் படாத பாடு படுகிறேன்.

அவர் சொன்னது இதுதான். கொரியாவுக்குப் போன புதிதில் அவரும் ஃபோர்மன் எதைச் சொன்னாலும் "நே, நே" என்று தலையாட்டியிருக்கிறார். கொரியத்தில் நே என்றால் ஆமாம். ஒரு நாள் காலை அவரை ஒரு வேனில் ஏற்றினார்கள். அவரும் நே என்று ஏறிவிட்டார். இறங்கிப் பார்த்தால் கடற்கரை. மீன் காயப்போடுகிற இடத்துக்கு மாற்றல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள், இவர் பல நாளாக ஆமாம் சொல்லியிருக்கிறார். ஒரு குளிர்காலம் பூராவும் கணவாயோடு கழிந்ததாம்.

"உங்களுக்கு நான் படிப்பித்த முதல் வசனம் என்ன?" என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாள், முதல் பக்கம், அழகாக எழுதி வைத்திருந்தேன். மொருகெஸ்ஸொயோ. எனக்குத் தெரியவில்லை.

"அது எழுதுவதற்கு இல்லை" என்றார் சேர். பிறகு எழும்பி, "வேலையைப் பாருங்கள்!" என்று எல்லோர் மேலும் சத்தம் போட்டார். அன்றைக்குப் பின்நேரம் பூராவும் வகுப்பே என் மேல் ஏறி மேய்ந்தது. எதைத் தொட்டாலும் "தேருணாத?", விளங்கியதா? "தேருணே நே" என்றால் திரும்பச் சொன்னார்கள், விளங்கும் வரை விடவில்லை. என்னை ஒருவரும் துரத்தவில்லை.

பொழுது சாய, பாலத்துப் பக்கமிருந்து சனம் வெசாக் விளக்குக் கூடு பார்க்கக் கிளம்பியது. எங்கள் வாசலில் வரிசை ரோடு திரும்பும் வரை நீண்டது. வாழையிலைத் துண்டில் கிழங்கு, மேலே சம்பல். சம்பலுக்கு அம்மாவின் கை. கல்யாண வேலை முடித்து ரிஸ்வானும் வரிசையில் வந்து நின்றான். பதாகையைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"என்னத்தடா மச்சான் செஞ்சு வெச்சீக்கிற?"

"நான் ஒன்னும் செய்யலடா. ஹரின்னு சொன்னேன்."

"யா அல்லாஹ்! ரெண்டு கெழம நான் இல்லாம ஈந்ததுக்கு ஊருக்கே சோறு போட்டீக்கிறியே" என்று ரோட்டிலேயே குந்திவிட்டான், சிரிப்புத் தாங்காமல்.

அவனுக்கும் பின்னால், வேலை முடிந்து களைத்துப்போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அப்பா நின்றார். கூட்டத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து வேறு யாரோ வீட்டில் தன்சல் என்று நினைத்திருக்கிறார். முன்னால் நின்றவரிடம் சிங்களத்தில், "யார் போடுறது? நல்லா இருக்குமா?" என்று விசாரித்திருக்கிறார். அந்த ஆள், "தமிழ் அம்மா ஒருவர் சம்பல் போடுகிறார், பிரமாதமாம்" என்று சொல்லியிருக்கிறார். சரி, வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் அவளுக்கும் கொடுக்கலாம் என்று பாவம் மனிதர் வரிசையில் நகர்ந்து நகர்ந்து வந்து, இலையை நீட்டிய கையைப் பார்த்துத்தான் தலையைத் தூக்கினார்.

"அட, நீயா?"

"மல்லி, கதா எப்பா, இஸ்ஸரஹட்ட யன்ன!" என்றாள் அம்மா. பேசாதே, முன்னால் நகரு. வரிசையே கொல்லென்று சிரித்தது. அப்பா இலையோடு நகர்ந்தார்.

கொரியப் பரீட்சையில் நான் பெயில். கேட்டு விளங்கும் பகுதியில் கவிழ்ந்தேன். ஆனால் விளங்காததையெல்லாம் கேட்டுக் கேட்டு அதற்குள் சிங்களம் ஒட்டிக்கொண்டது, பிறகு அதுவே என் பிழைப்பும் ஆகிவிட்டது. ரிஸ்வான் வாப்பாவின் கடையோடு நின்றுவிட்டான். சமிந்த பாஸ் பண்ணிக் கொரியா போனான். வெசாக்குக்கு வெசாக் அங்கிருந்து கோல் எடுப்பான், என்னிடம் சுகம் விசாரித்துவிட்டு, "அம்மாவிடம் கொடு" என்பான். அம்மா அவனோடு பேசும் சிங்களத்தைக் கேட்டால் ஒரு சிங்கள வாத்தியார் என்ற முறையில் எனக்கு உடம்பு கூசும். அதில் பிழை இல்லாத இடம் குறைவு. ஆனால் அரை மணி நேரம் பேசுவாள், அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்த வருஷமும் தெல்தெனியாவிலிருந்து கிழங்கு லொறி வந்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டார்கள்.

போன மாதம் அப்பாவின் பழைய வேலைக் கூட்டாளி ஒருவர் வந்திருந்தார். பேச்சுவாக்கில் என் கொரியப் பயணம் ஞாபகம் வந்து, "அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வச்சீங்க, போகாமலே விட்டுட்டானே" என்று வருத்தப்பட்டார்.

அப்பா கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"கட்டுகஸ்தோட்டையில இருந்து கண்டிக்கு நேர் ரோடு ஒன்னு இருக்குங்க" என்றார். "எல்லாரும் அதுல போவாங்க. எம் மவன் கொரியாவச் சுத்தி வந்து சேந்தான்."